தொண்ணூற்றேழு அடியில் ஒரு தீவு

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் வெடியால முதல் பேச்சு, "இன்னைக்கு எத்தனை?" என்பதுதான். காபிகூட அதற்கப்புறம்தான். கேட்பவர் அப்பா. கேட்பது பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தை. சென்னிமலைப் பக்கம் எங்களுக்கு இருக்கிற மூன்று ஏக்கரும் கீழ்பவானி வாய்க்காலை நம்பியது. அணை தொண்ணூறைத் தாண்டிவிட்டது என்றால் அப்பா விதைநெல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அதே கேள்வியை அத்தையும் கேட்பார், போனில். அப்பாவின் தங்கை. அவர் வாக்கப்பட்ட ஊர் காந்தவயல். சிறுமுகைக்கு அப்பால், அணைத் தண்ணீரின் வால் போய் முடிகிற இடம். "தொண்ணூத்தாறே கால் ஆச்சு பாப்பா" என்று அப்பா சொல்லும்போது குரலில் நோம்பி வந்த மாதிரி ஒரு குதூகலம் இருக்கும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம், "அப்படின்னா நாளானிக்குள்ள பாலம் தண்ணிக்குள்ள போயிருமுங்ண்ணா" என்று வரும்.

ஒரே எண். அண்ணனுக்கு நெல், தங்கைக்குப் பரிசல். இதைப் பல ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்ததில்தான், அணை நிரம்பும் சமயமாகப் பார்த்து அத்தை வீட்டில் போய்த் தங்குகிற பழக்கம் எனக்கு வந்தது. ஒறம்பரைக்கு, அதாவது விருந்தாளியாக, போனவன் பார்த்தது, மாமாவும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் சொன்னது, அணையைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, இவை மூன்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

தீவு எங்கே இருக்கிறது

மேட்டுப்பாளையம் தாண்டிய பவானி கிழக்கே சிறுமுகைப் பக்கம் போகிறது. சிறுமுகை மென்பட்டுச் சேலைக்குப் பேர்போன ஊர். ஒரு காலத்தில் விஸ்கோஸ் ஆலைக்கும். ஆலை மூடி இருபது ஆண்டுக்கு மேலாகிறது. அங்கிருந்து லிங்காபுரம் போனால் காந்தையாறு குறுக்கே வரும். நீலகிரிச் சரிவிலிருந்து இறங்கிப் பவானியில் சேர்கிற சின்ன ஆறு. அதைத் தாண்டினால் காந்தவயல், காந்தையூர், ஆளூர், உளியூர். எல்லாம் சிறுமுகையைச் சேர்ந்தவைதான். ரேஷனோ ஆஸ்பத்திரியோ மேல்வகுப்போ, வாழைக்காய் விற்பதோ, எதற்கும் ஆற்றைத் தாண்டித்தான் வர வேண்டும்.

தீவு என்று சொன்னால் அகராதி ஒப்புக்கொள்ளாது. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்திருக்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் தண்ணீர், மற்ற பக்கமெல்லாம் மலையும் யானைக்காடும். சிலிண்டர் வண்டி ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கொங்கு நாட்டில் அசல் தீவும் உண்டு. ஈரோட்டுக்குப் பக்கத்தில் காங்கேயம்பாளையத்தில் நட்டாற்றீஸ்வரர் கோயில், காவிரிக்கு நட்டநடுவே பாறை மேல் நிற்கிறது. அங்கே குடியிருப்பது சாமி மட்டும்தான், அவருக்குச் சிலிண்டர் வேண்டியதில்லை. பவானிசாகருக்கு மேலே மாயாற்றுக்கு அக்கரையில் இருக்கிற தெங்குமரஹாடாவுக்கும் ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும், பரிசல்தான். ஆனால் அது மழையையும் ஆற்றையும் பொறுத்த சங்கதி. காந்தவயலைத் தீவாக்குவது ஆற்று வெள்ளம் அல்ல. அணைக்கட்டில் இருக்கிற அளவுகோலில் ஒரு கோடு.

தொண்ணூற்றேழு

பவானிசாகர் அணை வேலை 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்தது. பவானியும் மாயாறும் கூடுகிற இடத்துக்குக் கீழே குறுக்கே போட்ட மண் அணை. உயரம் 120 அடி; அதில் 15 அடியைச் சேற்றுக்கென்று கழித்துவிட்டு 105 அடி என்றுதான் கணக்குச் சொல்வார்கள். கொள்ளளவு 32.8 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. இந்தத் தண்ணீர்தான் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் கீழ்பவானிப் பாசனத்து 2.07 லட்சம் ஏக்கருக்கும், கொடிவேரியிலிருந்து பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்கும், அதற்கும் கீழே காலிங்கராயன் வாய்க்காலுக்கும் போகிறது.

அணை கட்டியபோதே பல ஊர்கள் உள்ளே போய்விட்டன. டணாய்க்கன்கோட்டை தண்ணீருக்கடியில்தான் இருக்கிறது, கோயிலோடு. ஹொய்சளர் தளபதி ஒருவர் கட்டியது. தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகிற வறட்சியில் கோயில் வெளியே தலைகாட்டும். 2016, 2017 வறட்சிக்கு அப்படித் தெரிந்தது. ஜனங்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். கோயில் தெரிந்தால் எங்கள் ஊரில் சோறு இல்லை. கோயில் மறைந்து, காந்தவயல் பாலமும் மறைந்தால் எங்களுக்கு நல்ல வருசம். இதை அத்தை முன்னால் சொல்லக் கூடாது. ஒரு தடவை சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

லிங்காபுரத்துக்கும் காந்தவயலுக்கும் நடுவே இருபதடி உயரத்தில் ஒரு பாலம். காந்தையாற்றில் இயல்பாக ஓடுகிற தண்ணீருக்கு அந்த உயரம் தாராளம். ஆனால் அணை ஏற ஏற, தண்ணீர் கீழிருந்து மேலாக ஆற்றுக்குள் புகுந்து வருகிறது. அணையில் 97 அடி ஆனால் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறத் தொடங்கும். முழு மட்டம் 105. அதாவது பாலம் எட்டடி ஆழத்துக்குப் போக முடியும்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 105 என்பது யாரோ ரகசியமாக வைத்திருந்த எண் அல்ல. 1955-லிருந்து எல்லோருக்கும் தெரியும். அதற்கு எட்டடி கீழே பாலத்தைப் போட்டவர்கள் ஆற்றைப் பார்த்துக் கட்டினார்கள், அணையைப் பார்க்கவில்லை. காந்தையாறு அந்த இடத்தில் பாதி நாள் ஆறு, பாதி நாள் அணை. அளவெடுக்க வந்தவர்கள் ஆறாக இருந்த நாளில் வந்திருக்க வேண்டும். "கோடையில வந்து பாத்தாங்களாக்கும்" என்பார் மாமா, பாலத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம்.

வெயிலில் வருகிற வெள்ளம்

வெளியூர்க்காரருக்குப் புரியாத சங்கதி ஒன்று உண்டு. பாலம் முழுகுகிற அன்றைக்குப் பெரும்பாலும் ஊரில் மழையே இருக்காது. தென்மேற்குப் பருவமழை கொட்டுவது நீலகிரியின் மேற்குச் சரிவிலும் அட்டப்பாடியிலும். மேட்டுப்பாளையம், சிறுமுகையெல்லாம் மலை மறைவு. மேற்கே மலையில் கொட்டிய மழை, பவானியில் மேலே இருக்கிற பில்லூர் அணைக்கு வரும். பில்லூரின் முழு உயரம் 100 அடி. அங்கேயும் 97 ஆனால் மதகைத் தூக்கிவிடுவார்கள். இரண்டு தொண்ணூற்றேழுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் தொண்ணூற்றேழு வந்தால் தண்ணீர் புறப்படுகிறது. கீழ்த் தொண்ணூற்றேழு வந்தால் பாலம் போகிறது.

எவ்வளவு வேகமாக ஏறும்? அணையின் மேல்மட்டத்தில் ஓரடி ஏற ஏறக்குறைய 0.8 டிஎம்சி வேண்டும். விநாடிக்கு 20,000 கன அடி வரத்து ஒரு முழு நாள் இருந்தால் 1.7 டிஎம்சி வந்து சேரும். ஆக, ஒரு நாளில் இரண்டடி. 95-ல் இருக்கும்போது சாயங்காலம் வீட்டுக்குப் போனவன், மறுநாள் சாயங்காலம் திரும்பும்போது வண்டியை எங்கே நிறுத்துவது என்று யோசிக்க வேண்டும். வரத்து குறைவாக இருக்கிற வருசத்தில் 96-க்கும் 97-க்கும் நடுவே வாரக்கணக்கில் ஊசலாடிக்கொண்டே நிற்கும். அத்தையைக் கேட்டால், அதுதான் இன்னும் மோசம் என்பார். போகிறதானால் போய்த் தொலையட்டும் என்று இருக்குமாம்.

பாலம் போன நாள்

நான் பார்த்த அன்று சுள்ளென்று வெயில். காலையில் மாமாவோடு பாலத்துக்குப் போனேன். தண்ணீர் தளத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஓட்டம் இல்லை, சத்தமும் இல்லை. வெள்ளம் என்றால் செம்மண் நிறத்தில் உறுமிக்கொண்டு வரும் என்று நினைத்துப் போனவனுக்கு, குளத்தைப் பார்ப்பது போல இருந்தது. ஆகாயத்தாமரை மட்டும் கூட்டம் கூட்டமாக வந்து தூண்களில் ஒட்டிக்கொண்டு நின்றது. காற்று அடிக்கும் பக்கம் போகும், வரும்.

மாமா கையில் வைத்திருந்த சவுக்குக் குச்சியைக் கரையோரம், தண்ணீர் தொடுகிற விளிம்பில் குத்தினார். "ஒரு பீடி குடிக்கிற நேரம் பாக்கலாம்" என்றார். பீடி முடிவதற்குள் குச்சியின் அடியில் இருந்த ஈரமண் மினுங்க ஆரம்பித்தது. அப்புறம் குச்சியைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர். பாலத்தின் பக்கச்சுவர் மேல் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது, முட்டைகளோடு, காந்தவயல் பக்கமாக. "பாத்தியா, அதுக்கு எத்தனைன்னு யாரும் போன் பண்ணிச் சொல்லல" என்றார்.

அதற்கப்புறம் மதியம் வரை அந்தப் பாலத்தில் நடந்ததுதான் நான் அந்த ஊரில் பார்த்த பெரிய சந்தடி. மளிகைக்கடைக்காரர் மூன்று நடையாகச் சாமான் கொண்டுவந்தார்: அரிசி மூட்டை, எண்ணெய் டின், உப்பு. தீவனக்கடை வண்டி வந்தது. சிலிண்டர் வண்டி, புக் பண்ணாதவர்களுக்கும் ஏதாவது வழி உண்டா என்று கேட்டு நாலு பேர் சுற்றி நின்றார்கள். ஒரு வீட்டில் கான்கிரீட் போட வைத்திருந்தார்கள். ஜல்லி டிப்பர் வருவதற்குள் தளத்தில் தண்ணீர் மினுங்கிவிட்டது, டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தார். அந்த வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்பி கட்டி வைத்த கூரை அடுத்த தை மாதம் வரை அப்படியே துருப்பிடித்துக்கொண்டு நிற்கும்.

எதிர்த்திசையில் போனவை வேறு. விற்கிற பக்குவத்தில் இருந்த வாழைத்தார்கள், இரண்டு கறவை மாடு, ஒரு பீரோ. அப்புறம் மோட்டார் சைக்கிள்கள். இது அந்த ஊர் வழக்கம். வண்டியை அக்கரையில், லிங்காபுரத்தில் தெரிந்தவர் வீட்டு வாசலிலோ புளியமரத்தடியிலோ கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து திரும்புவார்கள். தண்ணீர் இறங்கும்வரை வண்டி அங்கேயே இருக்கும். வசதி இருக்கிறவர்களுக்கு இக்கரைக்கு ஒரு பழைய வண்டி, அக்கரைக்கு ஒரு நல்ல வண்டி. மாமாவின் வண்டி ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்தில் நிற்கும். வாடகை கேட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். நோம்பிக்கு ஒரு கதளி வாழைத்தார் போய்விடும், அவ்வளவுதான்.

மூன்று மணி வாக்கில் பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் சளப் சளப் என்று நடந்து வந்தார்கள். அவர்கள்தான் கடைசி. பாலத்தைத் தடுத்து முள்கட்டையை இழுத்துப் போட்டாயிற்று.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னவோ குறைகிறது என்று வெகுநேரம் தெரியவில்லை. அப்புறம் பிடிபட்டது: ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை.

பரிசல் நாட்கள்

மறுநாளிலிருந்து பரிசலும் மோட்டார் படகும். பரிசல் என்றால் மூங்கில் பின்னல் மேல் தார் பூசின பழைய வகையும் உண்டு, இப்போது வருகிற ஃபைபரும் உண்டு. அணையில் மீன் பிடிக்கிறவர்களுக்கு இது கை வந்த வேலை. ரோகு, கட்லா, ஜிலேபி எடுத்த பரிசலில் நேற்றைய செதில் ஒட்டியிருக்கும். அதில்தான் சட்டை மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போகிறவரும் குந்தியிருப்பார். மோட்டார் படகு வேகம், ஆனால் ஆகாயத்தாமரை அடர்ந்துவிட்டால் விசிறியில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். அப்படி ஒரு தடவை நடுத்தண்ணீரில் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். படகுக்காரர் அரிவாளால் தண்டை அறுத்து அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்; என் பக்கத்தில் இருந்த பாட்டி, வெத்தலையை மென்றுகொண்டு, "இந்தப் பக்கந்தான் எங்க பழைய களம் இருந்துச்சு" என்று தண்ணீரைக் காட்டினார்.

நேரம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. இருட்டுக்கு முன்னால் பரிசல் நின்றுவிடும். இருட்டினால் தண்ணீர் மட்டும் பயம் இல்லை, கரையிலிருந்து வீடு வரை நடக்கிற வழியில் யானை நிற்கலாம். ஆகவே ஊருக்குப் பொழுது ஐந்தரைக்கே முடிகிறது. அதற்கு ஏற்ப மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சுருங்கும். பத்தாவது படிக்கிற பிள்ளைகள் மாலைச் சிறப்பு வகுப்பில் உட்கார முடியாது. மில் வேலைக்குப் போகிற பெண்கள் ஷிப்ட் முடிந்து திரும்ப முடியாது. உறவுக்காரர் வீட்டில் தங்கிக்கொள்வார்கள், அல்லது அந்த மாதங்களுக்கு வேலையை விட்டுவிடுவார்கள்.

அத்தை வீட்டுப் பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கறவை. காலைப் பால் ஐந்து மணிக்குக் கறந்து, போசியில் ஊற்றி, மாமா கரைக்குக் கொண்டுபோய், முதல் பரிசலில் ஏற்றி, அக்கரை சொசைட்டியில் ஊற்றுவார். அது சரி. சாயங்காலப் பால்? கறப்பதற்கும் கடைசிப் பரிசலுக்கும் இடையே நேரம் ஒத்துவராது. ஆகவே அந்த மாதங்களில் சாயங்காலக் கறவை எல்லாம் உறைக்குப் போகும். தயிர், மோர், நெய். விற்க ஆள் இல்லை, ஊரில் எல்லோர் வீட்டிலும் அதே கதை. கன்றுக்குட்டிகள் அந்தப் பருவத்தில் பளபளவென்று இருக்கும். "அணை ரொம்புனா கண்ணுக்குட்டிக்குத்தான் யோகம்" என்பார் அத்தை. எனக்கும்தான்: பத்து நாளில் இரண்டு கிலோ ஏறித்தான் ஊர் திரும்புவேன்.

வளைகாப்புக் கதையையும் சொல்ல வேண்டும். அத்தை மருமகளுக்கு ஐப்பசியில் பிரசவ நாள் சொல்லியிருந்தார்கள். ஏழாம் மாதம் ஆடியில் வந்துவிடுகிறது. ஆடியில் செய்யலாமா என்று சம்பந்தி வீட்டில் தயக்கம். ஒன்பதாம் மாதம் செய்துகொள்ளலாம் என்று அன்னூரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மாமா செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வைத்தார். அணை 93. "ஒம்பதாம் மாசம் வளையல் போட்டுப் பரிசல்ல ஏத்தி அனுப்பறதுங்களா?" என்றாராம். அந்த வாரமே வளையல் அடுக்கி, அன்று மாலையே காரில் அன்னூர் அனுப்பிவிட்டார்கள். நாள் குறித்தது ஜோசியர் இல்லை. ஆம்புலன்ஸ் லிங்காபுரம் கரையோடு நின்றுவிடும் என்பதை யோசித்துப் பார்த்தால், ஆடி மாதத்தை யார் பார்க்கிறார்கள்? அந்தப் பருவத்தில் நிறைமாதக்காரி ஒருத்திகூட ஊரில் இருக்க மாட்டாள். வயசானவர்கள் மட்டும் இருப்பார்கள், எங்கே போவது என்று.

வாழை என்கிற சூதாட்டம்

பாலத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஊர்க்காரர் பக்கம்தான் நிற்கிறோம். வாழை விஷயத்தில் என்னால் அப்படி முழுசாக நிற்க முடியவில்லை. லிங்காபுரம், காந்தவயல், உளியூர், மொக்கைமேடு என்று அணையோரம் நெடுக, தண்ணீர் இறங்கியதும் வெளியே வருகிற நிலத்தில் வாழை வைக்கிறார்கள். வண்டல் படிந்த மண், உரச்செலவு பாதி. ஆனால் அது அணைக்குள் இருக்கிற நிலம், தண்ணீருக்குச் சொந்தம்.

கணக்கைப் பாருங்கள். தை, மாசியில் தண்ணீர் இறங்கி நிலம் காய்கிறது. மாசியில் கன்று வைத்தால், நேந்திரன் வெட்டுக்கு வரப் பத்துப் பதினோரு மாதம், கதளிக்கு ஒரு வருசம். ஆவணியில் தண்ணீர் வந்தால் குலை தள்ளுகிற பருவம், எதற்கும் ஆகாது. கழுத்தளவுத் தண்ணீரில் பச்சை இலை மட்டும் மேலே விரிந்து நிற்கிற தோட்டத்தைப் பரிசலில் கடந்து போனேன். இலை நுனி தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. வெளியே பார்க்க உயிரோடு இருக்கிற மாதிரிதான் இருக்கும். ஒரு வாரத்தில் வேர் அழுகி மரம் சாயும்.

தெரிந்தும் ஏன் வைக்கிறார்கள்? மாமாவிடம் கேட்டேன். அவருக்கு மேட்டில் பட்டா நிலம் இருக்கிறது. ஆனாலும் கீழே அரை ஏக்கர் வைத்திருந்தார். "எல்லா வருசமும் ரொம்பறதில்லையே" என்றார். அது நிஜம். மழை பொய்த்த வருசங்களில் அந்த மண்ணில் வைத்தவன் ஜெயித்தான்; மேட்டுக் கிணறு வற்றியபோது அணையோரத்தில்தான் ஈரம் இருந்தது. அந்த ஜெயிப்பு மனதில் தங்கிவிட்டது. அப்புறம் 2018 தொடங்கி ஐந்து ஆண்டு வரிசையாக அணை நூறைத் தொட்டது. 2019 நவம்பரில் 105-ம் நிரம்பியது. ஐந்து வருசம் தொடர்ந்து தோற்றவன் நிறுத்தியிருக்க வேண்டும்; பலர் நிறுத்தவில்லை. 2023-ல் அணை ஏறவில்லை, அந்த வருசம் வைத்தவன் மறுபடி ஜெயித்தான். சீட்டாட்டத்தில் ஒருவனை வீட்டுக்குப் போகவிடாமல் உட்கார வைப்பது இந்த மாதிரி நடுவில் வருகிற ஒரு ஆட்டம்தான்.

மேட்டு வாழையும் தப்புவதில்லை, வேறு வகையில். தோட்டத்தில் வெட்டிய தார் மேட்டுப்பாளையம் ஏல மண்டிக்குப் போக, தோட்டத்திலிருந்து கரைக்கு ஒரு சுமை, கரையிலிருந்து பரிசலுக்கு ஒரு சுமை, பரிசலிலிருந்து வண்டிக்கு ஒரு சுமை. ஒவ்வொரு கை மாறும்போதும் கூலி ஏறும், காயில் கறுப்பு விழும். ஏலத்தில் அந்தக் கறுப்பைப் பார்த்ததும், "அக்கரைக் காயா?" என்று கேட்டுத்தான் விலை சொல்லத் தொடங்குகிறார்கள்.

எப்போது விடும்

ஏறுவதற்கு நாலு நாள் போதும். இறங்குவதற்கு நாலு மாதம். கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறப்பார்கள், முழு அளவு 2,300 கன அடி. ஒரு நாள் முழுக்க ஓடினால் 0.2 டிஎம்சி. மேலே சொன்ன கணக்கில், புதுத் தண்ணீர் ஒரு சொட்டும் வராமல் இருந்தால்கூட வாய்க்கால் மட்டும் ஓரடி குறைக்க நாலு நாள். ஆனால் தண்ணீர் வருவது நிற்காதே. தென்மேற்கு முடியும்போது வடகிழக்கு வந்துவிடும். போதாததற்கு அணைக்கு ஒரு விதி இருக்கிறது: அக்டோபர் முடியும்வரை 102 அடிக்கு மேல் தேக்கக் கூடாது, நவம்பர் பிறந்தால் 105 வரை தேக்கலாம். வெள்ளத்துக்கு இடம் விட்டு வைக்கிற நல்ல விதிதான். காந்தவயலில் அதற்கு அர்த்தம், ஐப்பசியில் இறங்கலாம் என்று இருந்த தண்ணீர் கார்த்திகையில் இன்னும் மூன்றடி ஏறலாம் என்பது.

இன்னொன்றும் கவனித்தேன். அணை நிரம்பும்போது நான் செய்தித்தாளில் பார்த்த எச்சரிக்கைகள் எல்லாம் அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு: பவானிக் கரையோரத்தார் மேடான இடத்துக்குப் போகவும், ஆற்றில் குளிக்க வேண்டாம், என்று. சரியானவைதான். அணைக்கு மேலே இருப்பவர்களுக்கு, "இன்று இந்த அளவு வரத்து இருக்கிறது, உங்கள் பாலம் நாளை மாலை முழுகும்" என்று ஒரு வரி போட எந்தச் செலவும் இல்லை. கணக்கு மேலே இருக்கிறது, எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஜல்லி டிப்பர் முந்தின நாளே வந்திருக்கும். இப்போதைக்கு அந்த வேலையைச் செய்வது என் அப்பாவின் போன்.

உயரமான பாலம் வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. அதற்கான வேலை தொடங்கியபோது அத்தை என்னிடம் தூணின் உயரத்தைத்தான் கேட்டார். எத்தனை கோடி என்று கேட்கவில்லை. "நூத்தஞ்சுக்கு மேல வருதா?"

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் போன் வந்தது. நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் காலை வெயிலில் கடலை விதை பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் போகத் தண்ணீருக்குக் கடலைதான் போடுவோம். ஸ்பீக்கரில் அத்தையின் குரல், பின்னால் தகரம் வழிக்கிற சத்தம்.

"அண்ணா, பாலம் வெளிய வந்துருச்சுங். மாமாவும் பசங்களும் மம்பட்டி எடுத்துச் சேறு வழிச்சுட்டு இருக்கறாங்க. முழங்கால் அளவு சேறு. பொழுதோட வண்டிய ஓட்டியாந்துருவாங்க."

அப்பா கையிலிருந்த விதையை முறத்தில் போட்டார். "அதுக்குள்ள தொண்ணூத்தேழுக்குக் கீழயா போயிருச்சு?" என்றார்.